கூப்பிட்டால் திரும்பும் வேட்டை நாய்: செட்டிநாட்டில் பழக்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் போன்ற நம் நாட்டு வேட்டை இனங்களைக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றே. வீட்டுக்குள் சொன்ன பேச்சைக் கேட்கும் நாய், கண்மாய்க் கரையில் அவிழ்த்துவிட்டதும் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே அது. இதை நாயின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு அடிப்பவர்களும் உண்டு. இனி அவிழ்க்கவே கூடாது என்று முடிவுசெய்து ஆயுள் முழுவதும் சங்கிலியில் கட்டிவைப்பவர்களும் உண்டு. இரண்டுமே நாய்க்குச் செய்யும் அநீதி என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டதைக் காலால் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. அவற்றுக்கு ஓட்டமே பரிசு. முயல் கையில் சிக்காவிட்டாலும் ஓடிய ஓட்டம் அவற்றுக்கு இன்பம் தந்துவிடுகிறது. அந்த இன்பத்தோடு நம் குரல் போட்டியிட வேண்டுமானால், அந்தக் குரலைக் கேட்டு வந்த ஒவ்வொரு முறையும் நாய்க்கு நன்மையே நடந்திருக்க வேண்டும். கூப்பிட்டு வந்த நாய் ஒருமுறைகூட ஏமாறக் கூடாது. கீழே வரும் படிகள் அனைத்தும் இதை நடைமுறையில் நிறைவேற்றுவதற்கானவையே.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பது கொல்வதை மட்டும் குறிப்பதில்லை; பிடிப்பதும், துரத்துவதும், அதற்கு முயல்வதும்கூட அதில் அடங்கும். நம் பக்கத்துப் புஞ்சைக் காடுகளில் எழும் முயலும், புள்ளிமானும், 1963 முதல் தேசியப் பறவையாக இருக்கும் மயிலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. ஆகவே இன்று வேட்டை நாய் என்பது இனத்தின் பெயர் மட்டுமே. துரத்தக் கிளம்பிய நாயைத் திருப்பி அழைக்கத் தெரிவது அதை வளர்ப்பவரின் கடமை.

பயிற்சிக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் நாய்க்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். இராஜபாளையம் போன்ற முழுவெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதுண்டு. சிலவற்றுக்கு ஒரு காது மட்டும் கேட்காது. நாய் உறங்கும்போதோ வேறு பக்கம் பார்த்திருக்கும்போதோ, தரை அதிராமலும் காற்று மேலே படாமலும் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் நாய் சத்தத்தை உணரும். ஆனால் அது வந்த திசை புரியாமல் தவறான பக்கம் திரும்பும். இத்தகைய நாயைக் கீழ்ப்படியாதது என்று திட்டிப் பயனில்லை. ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத நாய்க்கும் இந்தப் பயிற்சி முழுவதையும் கையசைவாலும், இருட்டில் டார்ச் ஒளியாலும் தரலாம்; ஆனால் வேலியில்லாத இடத்தில் அதை ஒருபோதும் அவிழ்க்கக் கூடாது.

குட்டி எட்டு வார வயதில் வீட்டுக்கு வந்த நாளிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். தடுப்பூசிகள் முடியும் வரை தெருநாய்கள் நடமாடும் இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்த வாரங்களில் வீட்டுக்குள் செய்ய வேண்டிய வேலையே நிறைய இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாத வயதில் போட்டுப் பின்னர் மருத்துவர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. அகலமான கழுத்துப்பட்டை ஒன்று, மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் ஒன்று, பத்து மற்றும் பதினைந்து மீட்டர் நீளத்தில் இரண்டு பருத்திக் கயிறுகள், ஒரு விசில், இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சிறு பை. சிப்பிப்பாறையின் தலை ஒடுங்கியது, கழுத்து நீண்டது. சாதாரணப் பட்டையைத் தலைவழியாக உருவிக்கொண்டு போய்விடும் என்பதால், இழுத்தால் ஓரளவு இறுகும் வகைப் பட்டையே நல்லது. நீண்ட கயிற்றை எப்போதும் ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும். முழு வேகத்தில் ஓடும் நாய் கயிற்றின் எல்லையைத் தொடும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் கழுத்தில் இறங்கினால் தண்டுவடமே பாதிக்கப்படலாம். நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்தக் குரலில் அழைப்பது

நாயின் பெயரும் அழைப்பும் வெவ்வேறாக இருக்க வேண்டும். பெயரை நாள் முழுவதும் வீட்டில் எல்லோரும் எதற்காவது சொல்லிக்கொண்டே இருப்பதால், பெயரைக் கேட்டதும் ஓடிவர வேண்டும் என்ற எண்ணம் நாய்க்குள் நிலைப்பதில்லை. ‘தோ தோ’ என்பதும் உதவாது. ஊரில் யார் வேண்டுமானாலும் எந்த நாயையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ‘சூ’ என்று ஏவும் ஒலிக்கு நெருக்கமான எதையும் எடுக்காதீர்கள். தெருப் பிள்ளைகள் விளையாட்டாக அதைச் சொல்லி நாயைக் கிளப்பிவிடுவார்கள். ‘வந்திரு’, ‘இங்கவா’ போன்ற, நீங்கள் இழுத்துச் சொல்ல வசதியான ஒரே சொல்லைத் தேர்ந்து, வீட்டிலுள்ள அனைவரும் அதையே ஒரே ராகத்தில் சொல்ல வேண்டும்.

அந்தச் சொல்லோடு விசிலும் தேவை. மனிதக் குரலில் கோபமும் பதற்றமும் தெரிந்துவிடும். விசில் யார் ஊதினாலும், எந்த மனநிலையில் ஊதினாலும் ஒன்றுபோலவே ஒலிக்கும், காற்றடிக்கும் கண்மாயில் குரலைவிட நெடுந்தொலைவு போகும். இரண்டு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் கடைப்பிடியுங்கள்.

முதல் படி: வீட்டுக்குள்

நாய்க்குச் சோறு வைக்கும் நேரமே முதல் வகுப்பு. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசிலை ஊதி, அடுத்த கணமே தட்டைக் கீழே வையுங்கள். முதலில் ஒலி, பிறகு உணவு. வரிசை மாறக் கூடாது. மணியோசையோடு உணவை இணைத்தால் மணியோசைக்கே நாயின் வாயில் நீர் ஊறும் என்று இவான் பாவ்லோவ் காட்டிய அதே இணைப்புத்தான் இது. இரண்டு வாரங்கள் இப்படிச் செய்த பின் விசில் கேட்டதும் நாய் எங்கிருந்தாலும் தலையைத் தூக்கித் திரும்புவதைக் காணலாம்.

அடுத்ததாக, செட்டிநாட்டு வீடுகளில் வசிப்போருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு பயிற்சிக்களம் இருக்கிறது. முகப்பிலிருந்து வளவு எனப்படும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு வழியாகப் பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்த வீட்டில், முகப்பில் ஒருவரும் பின்கட்டில் ஒருவருமாக நின்று மாறி மாறி அழைக்கலாம். முதலில் வளவின் இருபுறமும் நின்று தொடங்கி, நாள்தோறும் சற்றே விலகிப் போங்கள். தெருக்கதவு இரண்டும் தாழிட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுவழுப்பானது. ஓடிவந்து நிற்கும் குட்டிக்குப் பின்னங்கால் வழுக்கி இடுப்பு பிசகலாம் என்பதால், நீங்கள் நிற்கும் இடத்துக்கு முன்னால் நான்கைந்து கோணிச் சாக்குகளை விரித்து வையுங்கள். வளவில் ஒலி எதிரொலிக்கும். குட்டி முதலில் திசை புரியாமல் தடுமாறினால் அழைப்பைத் திருப்பிச் சொல்லாமல், குனிந்து தொடையில் மெல்லத் தட்டி நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

பரிசுக்கு மசாலா சேர்க்காமல் வேகவைத்த ஆட்டு ஈரலோ எலும்பில்லாத கோழிக்கறியோ போதும். புளியங்கொட்டை அளவுத் துண்டுகளாக நறுக்கி வையுங்கள். பெரிய துண்டு நாலைந்திலேயே வயிற்றை நிறைத்து ஆர்வத்தைக் குறைத்துவிடும். வீட்டுக் குழம்பிலிருந்து எடுத்த கறியைக் கழுவித் தரும் பழக்கம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

ஒருமுறை மட்டுமே அழையுங்கள். வரவில்லையென்றால் அருகில் போய், கையிலுள்ளதை மூக்கருகே காட்டி, பின்னோக்கி நடந்து உங்களிடம் வரவைத்துப் பரிசைக் கொடுங்கள். ‘வந்திரு, வந்திரு, வந்திரு’ என்று அடுக்கினால், ஏழாவது முறை சொல்லும் வரை வர வேண்டியதில்லை என்பதைத்தான் நாய் கற்றுக்கொள்கிறது.

பட்டையைப் பிடிக்கும் பழக்கம்

பலர் இந்தச் சிறு படியை விட்டுவிடுகிறார்கள். நாய் கூப்பிட்டதும் வருகிறது, ஆனால் இரண்டடி தூரத்தில் நின்று, பட்டைக்குக் கை நீட்டினால் துள்ளி விலகி விளையாடுகிறது. இதற்குக் காரணம், பட்டையைப் பிடித்த கை எப்போதும் அதைக் கட்டிப்போடுவதற்கே பயன்பட்டதுதான். ஆகவே முதல் நாளிலிருந்தே பரிசைத் தரும்போது ஒரு கையால் பட்டையைத் தொட்டு, மறு கையால் ஊட்டி, உடனே விட்டுவிடுங்கள். தொட்டபின் ஊட்டுவது என்ற வரிசையில் நாளொன்றுக்குப் பலமுறை செய்தால், கை நீள்வதைப் பார்த்ததும் நாயே கழுத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்.

இரண்டாம் படி: நீண்ட கயிற்றில் வெளியே

வீட்டிலும் சுற்றுச்சுவர் உள்ள தோட்டத்திலும் பத்துக்குப் பத்து முறை ஓடிவரும் நாயை மட்டும் வெளியே கொண்டுபோங்கள். நம் பக்கத்தில் தை அறுவடை முடிந்த வயல்களும், கோடையில் வற்றிய கண்மாயின் உட்பரப்பும் இதற்கு ஏற்ற வெட்டவெளிகள். சீமைக்கருவேலம் மண்டிய இடங்களை விட்டுவிடுங்கள். கயிறு முள்ளில் சிக்கும், முள் பாதத்தில் ஏறினால் வாரக்கணக்கில் பயிற்சி நின்றுபோகும். திருப்பத்தூர் அருகேயுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் பக்கம் நாயைக் கொண்டுபோகவே கூடாது. பறவைகள் அஞ்சக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் கட்டுப்பாட்டை நாமும் மதிக்க வேண்டும்.

நேரம் மிக முக்கியம். செம்மண்ணும் சரளையும் காய்ந்த தரை காலை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கிவிடும். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துத் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். ஓடிக் களைத்து அது 104ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பொழுது விடியும் வேளையில் பதினைந்து நிமிடம், மாலை வெயில் தாழ்ந்தபின் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு, கையோடு தண்ணீரும் கொண்டுபோங்கள்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் பாய்ந்தால் விரல் முறியும். அதைத் தரையில் இழுபடவிட்டு, தேவைப்படும்போது காலால் மிதித்து நிறுத்துங்கள். கயிற்றின் முனையில் வளையம் இருக்கக் கூடாது, அது வேரிலும் கட்டையிலும் மாட்டிக்கொள்ளும். ஒரு முடிச்சுப் போட்டால் மிதிக்கும்போது வழுக்காது. நாய் முகர்ந்துகொண்டிருக்கும்போது ஒருமுறை விசிலடியுங்கள். திரும்பினால் அந்த நொடியே பாராட்டி, நீங்கள் பின்னோக்கி ஓடுங்கள். திரும்பவில்லையென்றால் கயிற்றை வெடுக்கென்று இழுக்காமல், கைக்குக் கை கயிற்றைச் சேகரித்துக்கொண்டு நாயை நோக்கி நடந்து, அதன் பார்வையில் பட்டபின் அழைத்து வாருங்கள். இதன் பொருள், இந்தத் தொலைவு அந்த நாய்க்கு இன்னும் அதிகம் என்பதுதான். அடுத்தமுறை பாதித் தூரத்தில் அழையுங்கள்.

வந்த நாயைப் பத்தில் ஒன்பது முறை பரிசு கொடுத்து மீண்டும் ஓடவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிடுபவரிடம் நாய் வராமல் போவது இயற்கையே, அவருடைய குரல் அதற்கு விளையாட்டின் முடிவாகிவிட்டது. கிளம்ப வேண்டிய நேரத்தில் நீங்களே நாயிடம் நடந்துபோய்க் கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: துரத்தலிலிருந்து திருப்புதல்

வேட்டை நாயைப் பழக்குவதில் கடினமான பகுதி இதுதான். மற்ற இன நாய்களுக்கான பயிற்சி நூல்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. நமக்கு அது போதாது.

ஓர் ஆள் உயர மூங்கில் கம்பின் நுனியில் இரண்டு மீட்டர் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பழைய துண்டைச் சுருட்டிக் கட்டுங்கள். அதைத் தரையில் முயல் ஓடுவதுபோல வளைத்து வளைத்து இழுத்தால் சிப்பிப்பாறையோ கன்னியோ உடனே பாய்ந்து துரத்தும். சிறிது துரத்தவிட்டு, துணியைச் சட்டென்று அசைவற்று நிறுத்துங்கள். அசையாத பொருளில் கண்ணால் வேட்டையாடும் நாயின் ஆர்வம் தளரும். அந்தத் தளர்ச்சியில் ஒருமுறை அழையுங்கள். நாய் உங்கள் பக்கம் தலையைத் திருப்பிய நொடியில் பட்டையைத் தொட்டு, ஈரல் துண்டைக் கொடுத்து, பிறகு மீண்டும் துணியை ஓட்டித் துரத்த விடுங்கள். துரத்தலை விட்டு வந்தால் துரத்தலே திரும்பக் கிடைக்கும் என்பது நாய்க்குப் புரியும்போது, எந்த ஈரலாலும் வாங்க முடியாத கீழ்ப்படிதல் அதற்குள் வருகிறது. இதில் உறுதிப்பட்ட பிறகு துணி மெதுவாக அசையும்போது அழையுங்கள். பின்னர் வேகமாக ஓடும்போது. ஒருநாளைக்கு ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம். வளரும் குட்டியின் எலும்புகள் முதிராததால் ஒரு வயது வரை திடீர்த் திருப்பங்களும் உயரத் தாவல்களும் கூடாது. மெதுவான நேர் ஓட்டமே போதும்.

வெளியில் கற்க வேண்டியது உங்கள் கண்தான். நாய் எதையாவது கண்டுவிட்டால் ஓடுவதற்கு முன் ஓரிரு விநாடி உறைந்து நிற்கும். நாக்கு உள்ளே போகும், வாய் மூடும், இரைப்பு நின்றுவிடும், கழுத்து நீண்டு காதுகள் முன்னுக்கு வரும், சில நாய்கள் ஒரு முன்னங்காலைத் தூக்கும். வாய் மூடுவதைக் கண்டதும் அழையுங்கள். அந்தக் கணத்தில் அழைத்தால் திரும்பக்கூடிய அதே நாய், கிளம்பிய பிறகு அழைத்தால் திரும்பாது. விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் ஓடும் நாய் நீங்கள் திகைத்து நிற்கும் நேரத்தில் வயலின் மறுகோடிக்குப் போயிருக்கும்.

அழைக்கும்போது நாயை நோக்கி ஓடாதீர்கள். எதிர்த்திசையில் திரும்பி ஓடுங்கள். தன்னைவிட்டு விலகி ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு என்பதால், அந்த இயல்பே அதை உங்களிடம் கொண்டுவரும். மேயும் ஆடு, கொல்லைக் கோழி, பறந்திறங்கும் கௌதாரி என்று கவனத்தை ஈர்ப்பவற்றை எளியதிலிருந்து கடினமானதற்குக் கொண்டுபோங்கள். ஆட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, நூறு மீட்டர் தள்ளி, கயிற்றோடு தொடங்குவது முறை. ஆடு, கோழியைக் கண்டு நாய் தவறினால் இழப்பு இன்னொருவருடையது.

கட்டுப்பாட்டை மீறி ஓடிவிட்டால் ஒருமுறை விசிலடித்துவிட்டு நாய் உங்களைக் கடைசியாகக் கண்ட இடத்திலேயே நில்லுங்கள். துரத்தல் முடிந்த நாய் பெரும்பாலும் அந்த இடத்துக்கே திரும்பிவரும். நீங்கள் அங்குமிங்கும் தேடி அலைந்தால் ஒருவரையொருவர் தவறவிட்டுவிடுவீர்கள். தேடிப் போயே ஆக வேண்டுமென்றால், நீங்கள் உடுத்திய துண்டையோ சட்டையையோ அங்கே போட்டுவிட்டுப் போங்கள். அரை மணி நேரம் கழித்து நாக்குத் தொங்க வந்து நிற்கும் நாயை எவ்வளவு கோபம் இருந்தாலும் அடிக்கவோ அதட்டவோ கூடாது. ஓடியதற்கான தண்டனை என்று நீங்கள் நினைப்பதை, திரும்பி வந்ததற்கான தண்டனை என்றே நாய் எடுத்துக்கொள்ளும். மின்னதிர்ச்சி தரும் பட்டைகளையும் நான் ஏற்பதில்லை; வலி எங்கிருந்து வந்தது என்று அறியாத நாய், எதிரே நின்ற ஆட்டையோ குழந்தையையோ அதற்குக் காரணமாக்கிக்கொள்ளக்கூடும்.

எப்போது கயிறில்லாமல் விடலாம்

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாய்க்கு இளமைத் துடிப்பு மிகுந்த காலம். நன்றாக வந்துகொண்டிருந்த நாய் திடீரென்று எல்லாம் மறந்ததுபோல நடக்கும். மனந்தளராமல் மீண்டும் கயிற்றுக்குத் திரும்புங்கள். பருவத்துக்கு வந்த பெண் நாயை அந்த மூன்று வாரங்களில் அவிழ்க்கவே வேண்டாம். நெடுஞ்சாலை, இரயில் பாதை, திறந்த கிணறு இவற்றுக்கு அருகில் எவ்வளவு பழகிய நாயையும் அவிழ்க்கக் கூடாது. சுற்றுக்கட்டு இடிந்த பழைய ஏற்றக்கிணறுகள் புதருக்குள் மறைந்திருக்கும் என்பதால், புது இடத்தை முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். மஞ்சுவிரட்டு, திருவிழா வாணவேடிக்கை நாட்களில் அச்சத்தால் ஓடும் நாய்க்கு எந்தப் பயிற்சியும் காதில் ஏறாது. அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

அழைப்புச் சொல் ஏற்கெனவே கெட்டுப்போன பெரிய நாயை வாங்கியிருந்தால், அந்தச் சொல்லைச் சரிசெய்ய முயலாமல் அடியோடு விட்டுவிட்டுப் புதிய சொல்லோடும் புதிய விசிலோடும் சோற்றுத் தட்டிலிருந்து தொடங்குங்கள். குட்டிக்கு ஆகும் காலத்தைவிடக் கூடுதலாகும், ஆனால் வரும்.

செட்டிநாட்டில் பல வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, நாய் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வளர்கிறது. அப்படியானால் பயிற்சியில் அவரையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வாரம், விசிலை நீங்கள் ஊத உணவை அவர் தரவும், பிறகு இரண்டையும் அவரே செய்யவும் பழக்குங்கள். நீங்கள் வைத்திருக்கும் அதே வகை விசில் ஒன்றை அவரிடம் கொடுத்து, அழைப்புச் சொல்லையும் ஊதும் முறையையும் ஒரு தாளில் எழுதிச் சோற்றுத் தட்டு வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவையுங்கள். நாய் வராத நாளில் அடிக்காமல் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.